இடது பக்கம்

மே 5, திங்கள்
காலையிலேயே அனல். கரண்ட் இல்லை. ஸ்கூல் திறந்து நான் பாடம் எடுக்கப் போவதற்குள் ஆபரேஷனை முடித்துவிட வேண்டும் என்று குரோம்பேட்டையில் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

வயசுக்கு வந்த நாளிலிருந்து இடது மார்பு வளரவேயில்லை. முப்பத்தாறு வயதில் இன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் சொன்னது: உள்ளே சிலிகான் வைப்பார்கள். வலது பக்கம் மாதிரி கிட்டத்தட்ட வரும், அச்சு அசலாக வராது. ஆயுசுக்கும் அதுவே இருக்காது, பிறகு மாற்ற வேண்டி வரலாம். அவ்வப்போது ஸ்கேன். தொடு உணர்ச்சி குறையலாம். ரத்தம் கட்டலாம். ரத்தப்போக்கு கூடாமலிருக்க, நான் சாப்பிடும் மீன் எண்ணெய் மாத்திரையை இப்போதே நிறுத்த வேண்டும்.

"யாருக்காகம்மா பண்றீங்க?"

"எனக்காகத்தான் டாக்டர்."

மே 6
மாவு தீர்ந்துவிட்டது. இரவு உப்புமா. சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் சாமிடம் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"கல்யாணம் ஆனதிலிருந்து இதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?"

"இல்லீங்க."

"அப்புறம் ஏன்?"

"நீங்க சொல்லலதான். ஆனா நான் இன்னிக்கு வரைக்கும் கண்ணாடி முன்னாடி நின்னு டிரெஸ் மாத்தினதில்ல."

பாத்திரம் அவரே கழுவினார். கோபமா, வருத்தமா, தெரியவில்லை.

மே 9
ஜெனி அக்கா போனில். "யாராவது கேட்டா மார்ல கட்டின்னு சொல்லிடுடி. எவளும் வாயத் தொறக்க மாட்டா." முடியாது என்றேன். இல்லாத நோயைச் சொல்லி அனுதாபம் வாங்க மனசு வரவில்லை. கேட்டால் சின்ன ஆபரேஷன் என்பேன், அவ்வளவுதான்.

மே 13, செவ்வாய்
முடிந்தது. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி. வாய் வறட்சி. சாம் இளநீரோடு.

மே 16
வீடு. மழை வரும் போலிருந்தது, வரவில்லை. வீக்கம். இடது மார்பு ரொம்ப மேலே ஏறி, கல் மாதிரி. இதற்கா இத்தனை பாடு? பாத்ரூமில் அழுகை. வீக்கம் வடிய வாரக்கணக்காகும் என்று டாக்டர் சொன்னது புத்திக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை.

கையைத் தூக்கக் கூடாது. சாம்தான் தலை வாரிவிடுகிறார். வகிடு கோணல்.

மே 18, ஞாயிறு
கோயிலுக்குப் போகவில்லை. மதியம் திடீரென்று இடது பக்கம் கடுத்தது, பார்க்கப் பார்க்கப் பெருத்தது. பீர்க்கன்கரணையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. 'நான் அப்பவே சொன்னேன்' என்று சாம் சொல்லப்போகிறார் என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் டிரைவரிடம் மட்டும் பேசினார். "அண்ணா, ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவா. அவங்களுக்கு வலிக்குது."

ரத்தக்கட்டு. மறுபடி ஆபரேஷன் தியேட்டர், மறுபடி தையல். "உடனே வந்தீங்க, நல்லது" என்றார் டாக்டர்.

மே 20
சாம், ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்த்தபடி: "எனக்குப் பிடிக்கலன்னு நெனச்சு பண்றியோன்னுதான் அன்னிக்கு சாப்பாடு எறங்கல."

இதை அன்றே கேட்டிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

ஜூன் 28, சனி
லேசான தூறல். வீக்கம் வடிந்துவிட்டது. மார்பு முனையில் இன்னும் மரத்திருக்கிறது. உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

தாம்பரம் மார்க்கெட், உள்ளாடைக் கடை. இத்தனை வருஷமும் குத்துமதிப்பாக ஒரு சைஸ் சொல்லி, பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கி வந்தவள் நான்.

"சைஸ் என்னக்கா?"

"தெரியலம்மா. அளந்து பாரு."

டேப்பைச் சுற்றினாள். முன்னும் பின்னும் பார்த்தாள்.

"ரெண்டுக்கும் லேசா வித்தியாசம் இருக்குக்கா. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

சிரித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. அவளும் காரணம் தெரியாமலே சிரித்தாள்.