சுற்று மாறிய ஐந்து சதுரங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான், உங்கள் தம்பி, தையல் மெஷின் மூவரும் சுகம். நீங்கள் சுகமா என்று வழக்கம்போலக் கேட்கப்போவதில்லை. கேட்டால் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பீர்கள். ஆறு மாதமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அந்த வீட்டில் உங்களைத் தவிர வேறு யாரும் தொடாத பொருள் நூல் பொட்டலம் ஒன்றுதான். அதனால்தான் இதை இரண்டு நீல நூல்கண்டுகளுக்கு நடுவே மடித்து வைத்திருக்கிறேன். அவள் பக்கத்தில் இருந்தால் அப்படியே மூடிவைத்துவிட்டு, அவள் காலையில் ஆபீசுக்குக் கிளம்பிய பிறகு படியுங்கள்.

முதலில் போர்வை விவரம். அவள் அந்தப் பனி கொட்டும் ஊருக்கு வேலைக்குப் போகும்போது நாம் இருவரும் சேர்ந்து பின்னிய போர்வை ஒன்று பெட்டியில் போகவேண்டும் என்று நீங்கள்தான் ஆரம்பித்துவைத்தீர்கள். எண்பது சதுரம், ஆளுக்கு நாற்பது, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், ஒரே நூல், ஒரே அளவு குரோஷா ஊசி. என் நாற்பதும் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. அடிப்பக்கத்துக்குப் பழைய பருத்தித் துணிகளை வெட்டி ஒட்டுத்துணி விரிப்பும் தைத்தாகிவிட்டது. உங்கள் தம்பியின் கோடு போட்ட சட்டை ஒன்று அதில் அடக்கம். அவர் அதை இன்னும் அலமாரியில் தேடிக்கொண்டிருக்கிறார். காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

பாதிச் சதுரங்களைப் பல் ஆஸ்பத்திரியில், என் வரவேற்பு மேஜையிலேயேதான் பின்னினேன். எங்கள் டாக்டர் ஒன்றும் சொல்வதில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், "நீங்க பின்னறதப் பாத்தா வர்றவங்களுக்குப் பயம் குறையுதும்மா, ஆனா அந்தக் கொக்கி ஊசிய மட்டும் மேஜைக்குக் கீழ வச்சுக்கோங்க" என்றார். ஒரு சின்னப் பையன் அதைப் பார்த்துவிட்டு, அதைத்தான் தன் வாயில் விடப்போகிறார்கள் என்று வாசல்வரை ஓடிவிட்டான்.

சரி, சுற்றி வளைத்தது போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய முதல் கட்டில் பதினான்கு சதுரம், இரண்டாவதில் பதினைந்து. எல்லாம் உங்கள் கைவேலைதான். அடுக்கிவைத்தால் சீட்டுக்கட்டு போல விளிம்போடு விளிம்பு ஒட்டி நிற்கும். என்னுடையதை அதன் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்து, வழக்கம்போலக் கொஞ்சம் வயிறெரிந்தேன். மூன்றாவது கட்டு மூன்று வாரத்துக்கு முன் வந்தது, பதினொன்று. மேலே விலாசம் உங்கள் கையெழுத்தில் இல்லை, கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டியிருந்தது. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. பிரித்தால் முதல் ஆறும் ஆறு விதமான அளவில் இருந்தன. ஒரு பக்கம் இறுகி, ஒரு பக்கம் தொங்கி, மூன்று பின்னல் வரவேண்டிய இடத்தில் இரண்டு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது அண்ணி. மறைக்க விரும்பவில்லை. தேதி நெருங்குகிறது என்று ஏனோதானோவென்று முடித்துத் தள்ளிவிட்டீர்கள், என்னை எவ்வளவு லேசாக நினைத்திருந்தால் இப்படி அனுப்புவீர்கள் என்று நினைத்தேன். கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது. கல்யாணமான முதல் வருடம் உங்கள் தம்பிக்கு நான் ஒரு ஸ்வெட்டர் பின்னினேனே, ஞாபகம் இருக்கிறதா? "என்னம்மா இது, மீன் வலை மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, நுனியைப் பிடித்து உருவினீர்கள். நான் இரண்டு மாதம் பின்னியது பத்து நிமிடத்தில் நூல்கண்டாகிவிட்டது. இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அந்தக் கண்டு உருண்டையாக என் மடியில் வந்து விழுந்தது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அந்த ஆத்திரத்தோடு மதியச் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து உங்கள் ஆறு சதுரங்களையும் பிரித்துவிட்டேன். ரொம்பத் திருப்தியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறாவதைப் பிரித்துச் சுற்றும்போதுதான் விரலில் ஏதோ உறுத்தியது. நூல் பஞ்சு பஞ்சாகப் பிசிறியிருந்தது. வளைந்து நெளிந்து, கசங்கிப்போய் இருந்தது. நான் வாங்கி உங்களுக்குப் பாதி அனுப்பிய அதே நூல். என்னிடம் மிச்சமிருந்த கண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது வழுவழுவென்று இருந்தது. ஒரு தடவை பின்னிப் பிரித்த நூல் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். இது ஒரு தடவை பிரித்த நூல் இல்லை. நாலு தடவை, ஐந்து தடவை பின்னிப் பிரித்து, மறுபடி பின்னிய நூல். ஏனோதானோவென்று போடுகிறவர் அப்படிச் செய்யமாட்டார். நீங்கள் உங்களால் முடிந்த மட்டும் போராடிவிட்டு, முடியாத கட்டத்தில் அனுப்பியிருக்கிறீர்கள்.

அப்புறம் மிச்சம் இருந்த ஐந்தை எடுத்தேன். அவை அளவில் பரவாயில்லை. ஆனால் பார்க்கும்போது ஏதோ சரியில்லை, என்னவென்று பிடிபடவில்லை. திருப்பிப் போட்டேன், அப்போதும் சரியாகவில்லை. என்னுடையது ஒன்றை மேலே வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. நாம் பின்னும்போது சதுரம் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வளரும். இந்த ஐந்தும் முள்ளோடு சேர்ந்து சுற்றியிருந்தன. வலது கைக்காரர் எப்படித் தலைகீழாக நின்று பின்னினாலும் அப்படி வராது. இடது கையால் பின்னினால்தான் வரும்.

டாக்டர் இரண்டு தடவை கூப்பிட்டாராம், காதில் விழவில்லை.

அன்று சாயங்காலம் இரண்டாம் தடவையாகப் போன் செய்தேனே, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேனே, அது பொய். அம்மா எப்படி இருக்கிறாள் என்று உங்கள் மகளிடம் சாடையாக விசாரித்தேன். அவள் சிரித்துக்கொண்டே, "அம்மா இப்பல்லாம் இடது கையாலதான் பல்லு தேய்க்கிறாங்க அத்தை. மூளைக்குப் பயிற்சியாம், பத்திரிகையில படிச்சாங்களாம். கையெழுத்துகூட இடது கையாலதான் பழகறாங்க" என்றாள். நல்ல கதை கட்டியிருக்கிறீர்கள் அண்ணி. அவளும் நம்பிவிட்டாள். பல் ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக இருக்கிறவளிடம் அது எடுபடாது.

உங்கள் வலது கை என்ன ஆயிற்று? நடுங்குகிறதா, மரத்துப்போகிறதா, சொன்ன பேச்சைக் கேட்க மறுக்கிறதா? எத்தனை மாதமாக இப்படி? இதையெல்லாம் எனக்கு எழுத வேண்டாம், எழுதவும் சிரமமாக இருக்கும். நேரில் சொல்லுங்கள். நான் வருகிறேன்.

ஆமாம், வருகிறேன். வராதே என்று சொல்லப்போகிறீர்கள், அதற்கு நேரம் கடந்துவிட்டது. அடுத்த மாதம் நாலாம் தேதி ரயில். லீவு சொல்லியாகிவிட்டது. சதுரங்களை எங்கள் டாக்டரிடம் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் பல்லைத் தவிர வேறெதையும் பார்க்காத மனிதர். ஆனாலும் உங்கள் சதுரங்களை வரிசையாக வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இத நரம்பு டாக்டர்தான் பாக்கணும்மா, தள்ளிப்போடக் கூடாது" என்றார். அவரோடு படித்தவர் ஒருவர் உங்கள் ஊரில் பெரிய நரம்பு டாக்டராம். கையோடு போன் போட்டார். கிடைத்த முதல் நாள் ஆறாம் தேதி, காலை பத்து மணிக்கு. நீங்களும் நானும் போகிறோம். உங்கள் மகளிடம் நாம் நூல்கடைக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ளலாம். நாம் நூல்கடைக்குப் போனால் அரை நாள் திரும்ப மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

ஏன் மறைத்தீர்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. தெரிந்தால் அவள் பெட்டியை மூடி மூலையில் வைத்துவிடுவாள். மூன்று வருடம் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த வேலையை ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிடுவாள். உங்கள் பிடிவாதத்தில் பாதியாவது அவளுக்கும் வந்திருக்கிறதே. பதினெட்டாம் தேதி அவள் விமானம் ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தனியாக, ஒரு கையோடு என்ன செய்வதாக உத்தேசம்? அதை நீங்கள் யோசிக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும்.

நான் அவளிடம் சொல்லமாட்டேன். சத்தியம். ஆனால் நீங்கள் சொல்லியாக வேண்டும். டாக்டர் என்ன சொல்கிறாரோ அதைக் கேட்டுக்கொண்டு வந்து, பதினெட்டுக்கு முன்னால், உங்கள் வாயால். அவள் போகத்தான் வேண்டும், அதில் நான் உங்கள் கட்சி. ஆனால் தெரிந்துகொண்டு போகவேண்டும். ஒன்றும் தெரியாமல் போய், அங்கே பனியில் உட்கார்ந்து அந்தப் போர்வையைத் தடவிக்கொண்டிருக்கும்போது இந்த ஐந்து சதுரம் மட்டும் ஏன் இப்படி என்று அவளுக்கே ஒரு நாள் புரிந்தால் என்ன ஆகும்? அவளும் நீங்கள் பழக்கிய பெண்தானே, புரியாமல் போகாது. அன்றைக்கு அவள் மனசு என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். அம்மா தனியாக இல்லை, மாமா வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்தால் நிம்மதியாகக் கிளம்புவாள்.

ஆமாம், எங்கள் வீட்டில். உங்கள் தம்பியிடம் சொல்லிவிட்டேன், திட்டாதீர்கள். கேட்டதும் அவர், இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடத் தொடாத என் தையல் மெஷினுக்கு உட்கார்ந்து எண்ணெய் போட்டார். போடக்கூடாத இடத்திலெல்லாம் போட்டுவைத்திருக்கிறார், இப்போது தைக்கிற துணியெல்லாம் கறை. பிறகு எழுந்து என் துணி அறையைக் காலி செய்ய ஆரம்பித்தார். அந்த அறையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேலே, குக்கர் வந்த அட்டைப் பெட்டிக்குள் எல்லாம் துணி. என்றைக்காவது தைப்பேன் என்று சேர்த்தது. அதில் எட்டு மூட்டையைத் தையல் வகுப்புப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டேன். வலிக்கவில்லை என்றால் நம்புவீர்களா? வலித்தது. இரண்டு மூட்டையைத் திரும்ப வாங்கிவந்துவிட்டேன். ஆனாலும் ஜன்னல் பக்கம் ஒரு கட்டிலும் ஒரு நாற்காலியும் போட இடம் கிடைத்துவிட்டது. வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுகிறமாதிரி போட்டிருக்கிறோம்.

இன்னும் ஒன்று பாக்கி. உங்கள் ஐந்து சதுரங்களை எங்கே வைப்பது என்று தரையில் பரப்பிப் பார்த்தேன். எண்பதில் ஐந்து மட்டும் சுற்று மாறி இருந்தால் பிழை மாதிரி தெரிகிறது. இருபது இருந்தால் அதுதான் டிசைன் என்று யாரும் நினைத்துக்கொள்வார்கள். அதனால் நான் என்னுடையதில் ஒன்பதை எடுத்துவைத்துவிட்டேன். அந்த ஒன்பதுக்கும் பிரித்த ஆறுக்கும் பதிலாகப் பதினைந்து சதுரம், இடது கையால் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அண்ணி, அது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. ஊசி ஒரு பக்கம் போகிறது, விரல் ஒரு பக்கம் போகிறது. முதலில் போட்டதை உங்கள் தம்பி பாத்திரம் தேய்க்கிற நார் என்று நினைத்து ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டார். நல்ல கை உள்ள எனக்கே தோள்வரை வலிக்கிறது. நீங்கள் யாரிடமும் சொல்லாமல், மகள் பார்க்காத நேரம் பார்த்துப் பழகி, அளவும் தவறாமல் ஐந்து போட்டிருக்கிறீர்கள். உங்களை ஒரு நாளும் நேரில் பாராட்டியதில்லை. இதிலும் முழுசாகப் பாராட்டப்போவதில்லை. ஆனால் நான் அழுதேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

இதோடு ஒரு சதுரம் வைத்திருக்கிறேன். இடது கையால் நான் போட்டதில் நாலு மூலையும் ஓரளவு தேறிய முதல் சதுரம் இதுதான். ஒரு மூலை கொஞ்சம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும், கண்டுகொள்ளாதீர்கள். உங்கள் ஆறு சதுரங்களைப் பிரித்தேனே, அந்த நூலில்தான் போட்டிருக்கிறேன். அந்த நூலை நீங்கள் நாலைந்து தடவை பிரித்தீர்கள், கடைசியாக நானும் ஒரு தடவை பிரித்தேன். அதற்கு என்னை மன்னித்துவிடுங்கள். ஸ்வெட்டரை நானும் மன்னித்துவிட்டேன்.

பார்த்ததும் உங்கள் கை துறுதுறுக்கும், நுனியைத் தேடும். இடது கையாக இருந்தாலும் தேடும். தயவுசெய்து இதைப் பிரிக்காதீர்கள் அண்ணி. நான் வருகிறவரை அப்படியே வைத்திருங்கள்.

நாலாம் தேதி ரயிலை எதிர்பார்த்தபடி,
உங்கள் தம்பி மனைவி