மலைக்கு வழி சொன்ன அப்பாவுக்கு

என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு மலையேறிய என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் முடியப்போகிறது. திதிக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று உங்கள் மாப்பிள்ளை நேற்றுக் கேட்டார். வாங்க வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்ல வேண்டியதைத்தான் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. நீங்கள் இருந்தபோதும் எந்தக் காகிதம் வந்தாலும் நான்தான் வாசித்துக் காட்டுவேன். இதையும் எழுதி முடித்துப் பின்கட்டில் உங்கள் அறையில் உட்கார்ந்து உரக்க வாசிக்கப் போகிறேன். அக்கம்பக்கத்தில் காதில் விழுந்தால் விழட்டும்.

உங்கள் பேத்தி கமலாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்கிறாள். பிரிக்பீல்ட்ஸில் நம் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசைக்கு மொத்தமாக வெள்ளையடித்தார்கள். உங்கள் அறைக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் தலை சாய்த்து உட்காரும் சுவரில் அந்த எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது.

அந்த அறையில் வைத்துத்தானே நாம் அந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டோம்?

மாப்பிள்ளையின் ஆபீஸில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே இருக்கும் தலைமைக் கிராணி கார் வாங்கியிருந்தார். 'பள்ளி லீவுக்கு ரெண்டு குடும்பமும் சேர்ந்து போவோம். முதல்ல மலை, அப்புறம் கடல்' என்று அவர் சொன்னதை மாப்பிள்ளை வந்து சொன்னார். கோலாகுபு வழியாகப் பிரேசர் மலை; திரும்பி வந்து கிள்ளான் தாண்டி மோரிப். கேட்டதும் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.

"நோட்டை எடு தாயி. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கோ" என்றீர்கள்.

நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அந்த நோட்டில் இருக்கிறது. "கோலாகுபுவுல விடியறதுக்குள்ள கெளம்பிடணும். மத்தியானத்துக்கு மேல மழை புடிக்கும். மூங்கில் கூட்டம் வர்ற வளைவுல மண்ணை நம்பக்கூடாது. அதுக்கு மேல பாறையிலேருந்து தண்ணி வரும், அதைக் குடிக்கலாம், ஒண்ணும் ஆகாது. அட்டைக்குப் புகையிலைத் தண்ணி கால்ல தடவிக்கோ. புள்ளைக்குக் கம்பளி எடுத்துக்கோ." உச்சிக்குப் போகும் பாதை ஒற்றை வண்டிப் பாதை, ஏறும் வண்டிக்கு ஒரு நேரம், இறங்கும் வண்டிக்கு ஒரு நேரம் கேட்டைத் திறப்பார்கள் என்பதைக்கூட நீங்கள்தான் சொன்னீர்கள். தெரியாமல் இருக்குமா? அந்தப் பாதைக்குக் கல்லுடைத்தவர் நீங்கள். அம்மா செத்தபின் என்னை யாரிடமும் விடாமல், தோளில் தூக்கிக்கொண்டுபோய் ரோட்டோரம் உட்கார வைத்துவிட்டு உடைத்தீர்கள்.

கடைசியில் நோட்டை மூடப்போனேன். "கடலுக்கு என்ன எழுதட்டும்பா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"கடலைப் பத்தி எனக்கென்ன தெரியும்? கப்பல்ல வர்றப்ப அடித்தட்டுல கெடந்தேன். எறங்குனதும் முகாமுல அடைச்சானுங்க, அங்கேருந்து நேரா மலைக்கு. கரையில நின்னு ஒரு தடவை கால் நனைக்கலே. மலைக்கு நான் வழி சொல்லிட்டேன். கடலுக்கு நீ கூட்டிட்டுப் போ."

நானும் 'சரிப்பா' என்றேன். அதைச் சொன்ன நேரத்தில் உங்களை அழைத்துப் போகமுடியாது என்று எனக்குத் தெரியும்.

ஏன் என்று இப்போது சொல்கிறேன். அதற்கு முந்தின நவராத்திரிக்குத் தலைமைக் கிராணி வீட்டுக்குப் போயிருந்தேன். கிராணியம்மா வெற்றிலை மடித்துக்கொண்டே, "உங்கப்பா எதுல இருந்தாரு?" என்று கேட்டார். "பி.டபிள்யூ.டி.யிலே" என்றேன். உண்மைதானே? "ஓவர்சியரா?" என்றார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் அப்பா. வாய் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

பிறகு அந்த அம்மா நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உங்களைப் பாசாருக்கு அனுப்பினேன். "நேத்துத்தானே காய் வாங்கினோம்?" என்பீர்கள். ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு போவீர்கள். எப்போதாவது சந்தேகப்பட்டீர்களா? இல்லை, முதல் நாளே தெரிந்துவிட்டதா?

உங்களைக் காரில் ஏற்றினால், நீங்கள் சும்மா வருவீர்களா? ஒவ்வொரு வளைவிலும், 'இது நான் உடைச்ச கல்லு, இங்கதான் எங்காளு ஒருத்தன் விழுந்தான்' என்று சொல்லிக்கொண்டே வருவீர்கள். ஓவர்சியர் அப்படிப் பேசமாட்டார். மாப்பிள்ளை மேல் பழி போடாதீர்கள். அவர், "மாமாவும் வரட்டுமே, கமலா மடியில உக்காந்துக்குவா" என்றுதான் சொன்னார். நான்தான், 'இடம் நெருக்கும், கிராணியம்மாவுக்குப் பிடிக்காது' என்றேன். கிராணியம்மாவைக் கேட்கக்கூட இல்லை.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் உங்களிடம் வந்து, "கார்ல எடம் இல்லைப்பா" என்றேன். நீங்கள் சலவைச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தீர்கள். மடித்துமுடித்துப் பெட்டியில் வைத்தீர்கள்.

"அதுக்கென்ன. வீட்டைப் பாத்துக்க ஆள் வேணுமில்ல?" என்றீர்கள்.

காலையில் கார் வந்து நின்றபோது நீங்கள் வாசலுக்கு வரவில்லை. வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்களாகவேதான் வரவில்லை.

கிராணியம்மா வழியில் இரண்டு இடத்தில் இறங்கிப் பலகாரம் சாப்பிட வேண்டும் என்றார். கோலாகுபுவைத் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. நோட்டு என் பையில் இருந்தது. கேட்டு நேரத்தையும் அட்டைக்குப் புகையிலைத் தண்ணியையும் நானே தெரிந்துவைத்ததுபோலச் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் 'சீக்கிரம் போகணும்' என்று சொல்ல நா எழவில்லை. யார் சொன்னது என்று கேட்பார்களே! மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. மூங்கில் வளைவில் மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. ஏழெட்டுப் பேர் சங்குல் மண்வெட்டியால் வாரித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சாக்கைத் தலையில் மாட்டியிருந்த ஒருவர் எங்கள் காரை நிறுத்தினார். குனிந்து உள்ளே பார்த்தவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, தப்பா நெனக்காதீங்க. நீங்க சடையண்ணன் மக அஞ்சலைதானே?"

முனியாண்டி சித்தப்பா. உங்களோடு ஒரே கொங்சிக் கொட்டகையில் தங்கி வேலை செய்தவர். எனக்குப் பலாக்கொட்டை சுட்டுத் தந்தவர். பார்த்ததும் தெரிந்துவிட்டது அப்பா. மீசை மட்டும்தான் நரைத்திருந்தது. பக்கத்தில் கிராணியம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"இல்லீங்க. நீங்க வேற யாரையோ நெனச்சுக்கிட்டீங்க" என்றேன்.

"அம்மா, தாத்தா பேருதானே சடை..." என்று கமலா ஆரம்பித்தாள். அவள் தொடையை அழுத்தினேன். வலித்திருக்கும். முன்சீட்டில் மாப்பிள்ளை திரும்பவே இல்லை. வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு சித்தப்பா நகர்ந்தார். அவர்கள் மண்ணை ஒதுக்கி வழிவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் நான் மடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

உச்சியில் எல்லாம் நீங்கள் சொன்னபடியே இருந்தது. மேகம் வாசல் வரைக்கும் வந்தது. மரத்தில் பாசி முடியாகத் தொங்கியது. கிராணியம்மா 'ஆகா, ஆகா' என்றார். எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. இரண்டாம் நாள் இறங்கி, கிள்ளானில் ஒரு இரவு தங்கி, மோரிப்புக்குப் போனோம். கடல் உள்வாங்கி மணல் கண்ணுக்கு எட்டுகிற வரை விரிந்து கிடந்தது. தண்ணீரைத் தொடவே வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. கமலா ஓடினாள். நானும் போய்க் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றேன். வெதுவெதுப்பாக இருந்தது. காலடியில் மணல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. அது உங்கள் காலுக்கு வேண்டிய மணல் என்று அங்கே நிற்கும்போதே எனக்குத் தெரிந்தது.

திரும்பி வந்தபோது கார் போகும் வரை காத்திருந்துவிட்டு நீங்கள் வந்து பெட்டியைத் தூக்கினீர்கள். மலையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

"கடல் எப்படி இருந்துச்சு தாயி?"

உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. "மழைப்பா. கடலுக்குப் போகவே இல்லை" என்றேன். உங்களைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்ன பொய் அது. உடனே உங்கள் முகம் மலர்ந்ததே, அதை என்னால் மறக்க முடியவில்லை.

"அப்ப நல்லதாப் போச்சு. அடுத்த லீவுக்கு எல்லாருமா போவோம்."

கமலாவிடமும் வாய் திறக்காதே என்று சொல்லிவைத்தேன். ஆனால் அவள் சிப்பி பொறுக்கி வந்து சிலேட்டுப் பெட்டியில் வைத்திருந்தாள். அந்தப் பெட்டியிலிருக்கும் பலப்பத்தைத் தினமும் தேய்த்துக் கூர்மையாக்கித் தருவது நீங்கள்தான். சிப்பியைப் பார்த்தீர்களா அப்பா? பார்த்தும் பேசாமல் இருந்தீர்களா?

அடுத்த லீவு வருவதற்குள் காய்ச்சல் வந்தது. எட்டே நாள். ஒன்பதாம் நாள் நீங்கள் இல்லை.

சேதி எப்படியோ எட்டி, முனியாண்டி சித்தப்பா நான்கு பேரோடு வந்து சேர்ந்தார். பாடையைத் தூக்கினவர்களில் அவர் முன்னால் நின்றார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாம்பலைக் கிள்ளான் ஆற்றில் கரைத்துவிட்டு வந்து, 'ஆறு கடலுக்குத்தானே போகுது' என்று எல்லோரும் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். கால் நனைக்க ஆசைப்பட்டவர் சாம்பலாகப் போய்ச் சேர்ந்தால் சரியாகிவிடுமா?

கருமாதி முடிந்து எல்லோரும் கலைந்தபின் சித்தப்பா அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"பாப்பா, அன்னிக்கு ரோட்டுல நீதான்னு எனக்குத் தெரியும். நெத்தித் தழும்பு பொய் சொல்லுமா? நான் உடைச்ச கல்லு தெறிச்சுத்தானே அது வந்துச்சு."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணங்கிட்ட நான் சொல்லலே. பெரிய எடத்துல இருக்கிற புள்ள, அதுக்கு என்ன கஷ்டமோன்னு விட்டுட்டேன். பொங்கலுக்குக் கோயில்ல பாத்தப்பதான் அண்ணனைக் கூப்பிட்டேன். மோரிப் பக்கம் தென்னந்தோட்டத்துல என் தம்பி இருக்கான், ரெண்டு நாள் வந்து கடலைப் பாருன்னேன். வரமாட்டேன்னுட்டாரு."

"ஏன் சித்தப்பா?"

"'எம்மகளும் இன்னும் கடலைப் பாக்கலே. அவளை விட்டுட்டு நான் மட்டும் எப்படிப் போய்ப் பாக்கறது'ன்னாரு."

இதைத்தான் அப்பா ஒரு வருஷமாக என்னால் விழுங்க முடியவில்லை. உங்களைக் காரில் ஏற்றாதது ஒரு குற்றம். உங்களைத் தெரியாது என்றது இன்னொன்று. ஆனால் கடல் உங்களைத் தேடி வந்தபோது, என் பொய் அல்லவா குறுக்கே நின்று தடுத்தது? என் பொய்யை நம்பித்தான் அப்படிச் சொன்னீர்களா? இல்லை, சிப்பியைப் பார்த்திருந்தும் சித்தப்பாவிடம் என்னை விட்டுக்கொடுக்காமல் அப்படிச் சொன்னீர்களா? எது உண்மையாக இருந்தால் எனக்கு வலி குறையும் என்று யோசித்துப் பார்க்கிறேன். இரண்டிலும் குறையவில்லை.

போன வாரம் கிராணியம்மா வந்திருந்தார். "இந்த வருஷமும் மலையும் கடலும் சேர்த்துப் போவோம். போன தடவை அட்டைக்குப் புகையிலைத் தண்ணி, கேட்டு நேரம் எல்லாம் நீங்கதானே சரியாச் சொன்னீங்க, இந்தத் தடவையும் நீங்களே திட்டம் போடுங்க" என்றார். காப்பி டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு நின்றபடியே சொன்னேன். "அது எங்கப்பா போட்ட திட்டங்க. அவர் ஓவர்சியர் இல்லே. அந்த ரோட்டுக்குக் கல்லுடைச்சவர். நீங்க இங்க வந்தப்ப எல்லாம் நான் அவரைப் பாசாருக்கு அனுப்பினேன். அந்த வளைவுல கேட்டவரும் என்னைத் தெரிஞ்சவர்தான்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "என்கிட்டே இதை ஏன் மறைக்கணும்?" என்று மட்டும் கேட்டார். பாதிக் காப்பியோடு எழுந்து போனார். இனி கூப்பிடுவாரோ மாட்டாரோ. மாப்பிள்ளை கதவைச் சாத்திவிட்டு வந்து, "இப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு அஞ்சலை" என்றார். ஒரு வருஷம் அவரும் என்னோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அது தெரியவே இல்லை.

திதி முடிந்து வரும் லீவில் நாங்கள் மூன்று பேரும் ரயிலில் கோலாகுபு போகிறோம். முனியாண்டி சித்தப்பா வீட்டில்தான் தங்கப்போகிறோம். நீங்கள் கல்லுடைத்த ரோட்டில் கமலாவை நடக்கவைத்து ஒவ்வொரு இடத்தையும் அவர் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். பிறகு அவரையும் அவர் சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு மோரிப்புக்கு. சித்தப்பாவும் இதுவரை கடலில் கால் வைத்ததில்லையாம். நீங்கள் வராமல் அவரும் போகவில்லை.

மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் உடனே 'போவுது விடு தாயி' என்பீர்கள். அத்தனை சுலபமாக இது போகக்கூடாது. ஆனால் ஒரு சத்தியம் செய்கிறேன். பள்ளியிலோ கோயிலிலோ, எந்தப் பெரிய வீட்டுக் கூடத்திலோ, 'உங்கப்பா யாரு?' என்று எவர் கேட்டாலும் இனி நான் தலையாட்டிக்கொண்டு நிற்கமாட்டேன். வாய் திறந்து சொல்வேன். கமலாவையும் சொல்லவைப்பேன்.

கல்லுடைத்த சடையனின் மகள்,
அஞ்சலை