கையைப் பிடித்து இழுக்கிறவர்கள்

1942 ஜனவரி 19, திங்கள்

இன்று இயற்கைப் பாடத்தில் போட்டி. இரண்டு தேயிலைப் பெட்டிகளில் மண் நிரப்பிப் பயறு போட்டோம். ஒன்றில் ஐதாக, மற்றதில் நெருக்கமாக. நெருக்கமான பெட்டியில் வெளிச்சத்துக்கும் தண்ணீருக்கும் பயிர்கள் அடிபடும், பொறுத்திருந்து பாருங்கள் என்றேன். பயிருக்கு மட்டுமா? கடைத்தெருவிலும் போட்டி, வீட்டிலும் போட்டி. உதாரணம் சொல்லுங்கள் என்று கேட்டதுதான் தாமதம், வகுப்பு சந்தையாகிவிட்டது.

றமீலாதான் கெட்டிக்காரி. முன்பு கொழும்பிலிருந்து காலிக்குப் போகிற வீதியில் இரண்டு கம்பனி பஸ்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வருமாம். இரண்டு கண்டக்டர்களும் "நகின்ன, நகின்ன" என்று ஏறச் சொல்லிக் கத்துவார்களாம். ஒருவன் அவளுடைய வாப்பாவின் கையைப் பிடித்து இழுக்க, மற்றவன் குடையைப் பிடித்து இழுத்தானாம். எழுந்து நடித்தே காட்டினாள். "பொறகு டீச்சர், வாப்பா ஒரு பஸ்ஸில போனாரு, குடை மத்த பஸ்ஸில போச்சு."

நான் சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது! ஜப்பான் சண்டை தொடங்கி, துறைமுகத்தில் கப்பல்கள் நெருக்கியடித்து நிற்கிற நாளிலிருந்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பெப்ரவரி 2, திங்கள்

தலைமையாசிரியர் கனகசபாபதி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். ஐந்தாம் வகுப்பில் ஒரு பிரிவு எனக்கு, மற்றது நேசமலருக்கு.

"குண்டுப் பயத்தில பிள்ளையள் ஊருகளுக்குப் போய்க்கொண்டிருக்கினம். ஈஸ்ரர் லீவோட ரெண்டு பிரிவையும் ஒண்டாக்கப் போறன். ஆரின்ர பிரிவில பிள்ளையள் கூட நிக்கினமோ அவ இருக்கலாம். மற்றவவுக்கு நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ?"

நானும் நேசமலரும் கௌரி அக்கா வீட்டில் ஒரே வாடகை அறையில்தான் இருக்கிறோம். ஒரே கண்ணாடி, ஒரே மேசை. இன்று பள்ளியிலிருந்து வீடுவரை வீதியின் ஆளுக்கொரு கரையில் நடந்தோம்.

வேலை போனால் எனக்குப் போக்கிடம் அண்ணா வீடுதான். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் அண்ணி எனக்கு ஒரு மூலை தருவா. காலையில் முற்றம் கூட்டுவதிலிருந்து இரவில் பிள்ளைகளை நித்திரையாக்குவதுவரை அந்த மூலைக்கு வாடகை. முப்பத்திமூன்று வயதில், கல்யாணம் தப்பிப்போன தங்கச்சியாக. ஐயோ, அது மட்டும் வேண்டாம்.

பெப்ரவரி 16, திங்கள்

சிங்கப்பூர் விழுந்துவிட்டது. நேசமலரின் தமையன் அங்கே கிளாக்கராக இருந்தார். மனுசியும் மூன்று பிள்ளைகளும் அவரோடுதான். ஜனவரியில் வந்த கடிதத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவள் சாப்பிடவில்லை. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 18, புதன்

என்ன நெஞ்சழுத்தம்! பின்னேரம் நேசமலர் ஒரு வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வெளியே வருகிறாள். அது என் பிரிவுப் பையனின் வீடு. என்னைக் கண்டதும் முகம் கறுத்துவிட்டது. வீடு வீடாகப் போய் என் பிள்ளைகளை இழுக்கிறாளா? தமையனை நினைத்து அழுகிறாள் என்றல்லவா நான் நினைத்தேன்.

எனக்கும் கால் இருக்கிறது.

பெப்ரவரி 19, வியாழன்

றமீலா வீட்டுக்குப் போனேன். தாய் லுத்பியா மாவனல்லையில் தமக்கை வீட்டுக்குப் போக மூட்டை கட்டி வைத்திருந்தா. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கே நம்பமுடியவில்லை. "துறைமுகம் எங்க, நாங்கள் இருக்கிற வெள்ளவத்தை எங்க? இஞ்ச குண்டு போட என்ன கிடக்கு? பிள்ளையின்ர படிப்பைக் குழப்பாதேங்கோ."

குரல் அசையவில்லை. காது மட்டும் வானத்து இரைச்சலைத் தேடிக்கொண்டிருந்தது. லுத்பியா என் முன்னாலேயே மூட்டையை அவிழ்த்தா.

இன்னும் மூன்று வீடு. எல்லோரும் நிற்கிறார்களாம்.

பெப்ரவரி 27

றோட்டில் லொறி டயர் வெடித்தது. பிள்ளைகளுக்கு முன்னால் நான் மேசைக்குக் கீழே போய்விட்டேன். சோக்கட்டி விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்றேன். றமீலாவும் குனிந்து தேடினாள், பாவம்.

மார்ச் 10, செவ்வாய்

ரங்கூனும் போய்விட்டது. இனி அரிசி எங்கேயிருந்து வரும் என்று கௌரி அக்கா புலம்புகிறா.

நெருக்கமான பெட்டியில் பயறு வெளிறி, நெடுநெடுவென்று வளர்ந்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. "ஆர் வெண்டது ரீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். றமீலா வேறு கொஞ்சத்தைப் பிடுங்கிக் கிணற்றடியில் நட்டிருக்கிறாள். பரிசோதனையைக் குழப்பிவிட்டாயே என்று ஏசினேன். "அதுகளுக்கு இடமில்லையே டீச்சர்" என்றாள்.

மார்ச் 20, வெள்ளி

இது என்ன புதினம்? நேசமலர் தினமும் வீடு வீடாக ஏறி இறங்குகிறாள், அவள் பிரிவோ வரவரக் காலியாகிறது. என் பிரிவு நிற்கிறது. எனக்குச் சந்தோசம். எழுதிய பிறகு பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் சந்தோசம்தான்.

இன்று கண்ணாடியைப் பார்த்துத் தலைவாரிக்கொண்டே கேட்டாள்: "ஜெகா, நீர் ஊருக்குப் போகேல்லையோ?"

என்னைத் துரத்தப் பார்க்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

வந்துவிட்டார்கள்.

நேசமலர் உயிர்த்த ஞாயிறு பூசைக்குப் போயிருந்தாள். நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். இரைச்சல் கேட்டு எங்கள் விமானங்கள் என்றே நினைத்தேன். ஒழுங்கையில் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பீரங்கி — வானமே இடிந்த சத்தம் — விமானமொன்று தென்னை மரங்களை உரசுகிறமாதிரித் தாழப் போனது, இறக்கையில் ஜப்பான்காரனின் சிவப்பு வட்டம் தெளிவாகத் தெரிந்தது. நான் கட்டிலுக்குக் கீழே கிடந்தேன். தேவாரம் ஒன்றும் வாயில் வரவில்லை. மூட்டையை அவிழ்த்த லுத்பியாவின் கைதான் கண்ணுக்குள் நின்றது.

துறைமுகப் பக்கம் புகை. இரத்மலானைப் பக்கமும் புகை.

றமீலா வீட்டுக்குப் போய்ப் பார்க்கத் துணிவில்லை. நாளைக்கு.

ஏப்ரல் 6, திங்கள்

உயிரோடு இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள்.

எங்கள் பீரங்கி வானத்தை நோக்கிச் சுட்ட குண்டின் சில்லொன்று கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு விழுந்திருக்கிறது. றமீலாவின் தோளில் கட்டு. காயம் ஆழமில்லையாம். ஆனால் பிள்ளை நேற்றிலிருந்து வாய் திறக்கவில்லை. அந்த வாயாடி!

லுத்பியா ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்க சொன்னதாலதானே டீச்சர் நாங்க நிண்ட" என்று மட்டும் சொன்னா. பிள்ளையின் கட்டைச் சரிசெய்துகொண்டே: "மத்த டீச்சரும் வந்து பேசின. கெதியாப் போங்க எண்டு சொன்ன. ஏன் ரெண்டு பேரும் ரெண்டு விதமாச் சொல்றீங்க எண்டு கேட்டேன். ஜெகதீஸ்வரி டீச்சர் துணிஞ்சவ, எனக்குப் பயம், பயந்தவ சொல்றதையும் ஒருக்கா யோசிங்க எண்டா. நாங்க துணிஞ்சவ பேச்சத்தான் கேட்ட."

நானா துணிந்தவள்?

ஏப்ரல் 7, செவ்வாய்

அப்படியென்றால் அவள் பிள்ளைகளை இழுக்கவில்லை. போகச் சொல்லியிருக்கிறாள். தன் பிரிவில் இருந்தவர்களை, என் பிரிவில் இருந்தவர்களை, எல்லோரையும். தன் வேலையையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கேக்கத் தொடங்கினனான். நீர் மூஞ்சையைத் திருப்பிக்கொண்டு போனீர். அண்ணான்ர கடைசிக் கடுதாசியில பள்ளிக்கூடத்தில குண்டு விழுந்ததெண்டு கிடந்தது, ஜெகா. அதுக்குப் பிறகு என்னால இஞ்ச பிள்ளையளைப் பாத்துக்கொண்டு நிக்கேலாமல் போச்சு."

பின்னேரம் கனகசபாபதி வீட்டுக்கே வந்து சொன்னார்: "உங்கட பிரிவுதான் நிக்குது. வேலை உங்களுக்கு."

நான் வென்றுவிட்டேன். வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று திருகோணமலையில் குண்டு. கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முன்பு போன அதே வீடுகள், பிறகு என் பிரிவின் மற்ற வீடுகளும். "எனக்குப் பயமாயிருக்கு. நான் முந்திச் சொன்னது பொய். பிள்ளையைக் கொண்டு போங்கோ." ஒரு தகப்பன் படலையை மறித்துக்கொண்டு நின்றார்: "அண்டைக்கு நில் எண்டீர், இண்டைக்குப் போ எண்டுறீர். உமக்கென்ன விசரோ?" ஓம் என்றேன்.

லுத்பியாவோடு சேர்ந்து அந்த மூட்டையைத் திரும்பக் கட்டினேன். நாளைக் காலை புறப்படுகிறார்கள். படியிறங்கும்போது றமீலா வாய் திறந்தாள். "டீச்சர், கிணத்தடிப் பயறுக்குத் தண்ணி ஊத்துவீங்களா?"

ஏப்ரல் 20, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. முதலில் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் ஊற்றினேன். காய் பிடித்திருக்கிறது. நெருக்கமான பெட்டியில் இருந்தது எப்போதோ அழுகிவிட்டது.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளையும் இல்லை. கனகசபாபதி வெறும் வாங்குப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன ரீச்சர் செய்து வைச்சிருக்கிறியள்?"

"போகச் சொன்னனான்."

"அப்ப உங்கட வேலை?"

எனக்கும் நேசமலருக்கும் இந்த மாதத்தோடு சரி. அண்ணாவுக்குக் கடிதம் எழுதவேண்டும். அண்ணி அந்த மூலையை ஒதுக்கி வைப்பா.

பத்து மணிபோல் சைரன் ஊதியது. பிள்ளைகளுக்காக வெட்டிய பதுங்கு குழிக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இறங்கி உட்கார்ந்தோம். தாராளமாக இடம் இருந்தது. என் கை வழக்கம்போல நடுங்கியது. சேலைக்குள் ஒளிக்கப் போனேன். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

"நேசம், எனக்குப் பயமாக் கிடக்கு. நான் துணிஞ்சவள் இல்லை."

"தெரியும்" என்றாள். "டிசம்பரில இருந்து ஒவ்வொரு ராவும் உம்மட கட்டில் கிறீச்சிட்டு ஆடுறது எனக்குக் கேக்குதுதானே."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். சைரன் ஓயும்வரை விடவில்லை.