பெரியப்பாவுக்கு ஒரு புல் மீசை

செப்டம்பர் 4
மேல் வீட்டுப் பெரியப்பா, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் சரிவில் புல்லை வேரோடு வழித்து எறிந்துவிட்டார். பூச்சி பொட்டு வருதாம். தன் தலையைப் போலவே தரையும் இருந்தால்தான் அவருக்கு நிம்மதி போல.

செப்டம்பர் 6
மழை. புல் இருந்தவரை தண்ணீர் நின்று, ஊறி, மிச்சம்தான் கீழே வரும். இன்று சேற்றோடு பாய்ந்து அம்மாவின் தையல் அறைக்குள் புகுந்தது. பள்ளிச் சீருடைத் துணி ஒரு கட்டு பாழ். இன்னொரு தடவை இப்படி ஆனால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். அப்பா மேலே போய்க் கேட்டார்.

"என் நிலம், என் இஷ்டம். உன் பொண்டாட்டி மெஷினுக்கு நான் குடை பிடிக்கணுமா?"

அப்பா இறங்கி வந்துவிட்டார். நான் சும்மா விடுவேனா?

செப்டம்பர் 7
மைதானத்தில் பள்ளம் தோண்டியவர்கள் புல்லை மண்ணோடு கட்டி கட்டியாகப் பெயர்த்து ஒதுக்கியிருந்தார்கள். பெரியப்பா வேலைக்குப் போனதும் அள்ளிவந்து சரிவின் குறுக்கே நெருக்கி நட்டேன். கீழே தெருவிலிருந்து பார்த்தால் மொட்டைச் சரிவுக்கு மீசை. அதுவும் முனை இரண்டும் தொங்கும் அழுமூஞ்சி மீசை.

செப்டம்பர் 8
மேல் வீட்டுக்காரர் மீசை என்று தெருவே சிரித்தது. பெரியப்பா பிடுங்கவில்லை. பிடுங்கினால் அது தன் மீசைதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

செப்டம்பர் 15
மழை. நடு மீசையில் சேறு தங்கிவிட்டது. புல்லுக்குள் புகுந்து வந்த தண்ணீர் தெளிவாக, மெதுவாக இறங்கியது. மற்றதெல்லாம் தொங்கும் முனை வழியே சறுக்கி நேராகத் தையல் அறைக்கு! அம்மாவும் நானும் துணிக்கட்டுகளைக் கட்டிலில் ஏற்றினோம்.

முனைகள் மேலே வளைந்திருந்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கி ஊறியிருக்கும். அப்படியென்றால் — அந்த மனுஷனுக்கு முறுக்கு மீசையா? என் கையாலா? தூ.

செப்டம்பர் 16
முறுக்கிவிட்டேன். வயிறு எரிகிறது.

மாடியிலிருந்து பார்த்த பெரியப்பா, "இப்பதான் லட்சணமா இருக்கு" என்றார்.

"தலையில இல்லாதது தரையிலயாவது இருக்கட்டும் பெரியப்பா."

ஜன்னலை அறைந்து சாத்தினார்.

செப்டம்பர் 29
விடிய விடிய மழை. தையல் அறையில் ஒரு சொட்டு இல்லை.

அக்டோபர் 9
அம்மா சீருடைகளை ஒப்படைத்துவிட்டாள். பெரியப்பா இன்னும் அப்பாவிடம் பேசுவதில்லை. நான் பெரியப்பாவிடம் பேசுவதில்லை. மழை நின்றதிலிருந்து சாயங்காலம் வாளியோடு வந்து மீசைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், முனைக்கு முனை. இன்று அவர் உள்ளே போனதும் பார்த்தேன், வலது முனை காய்ந்திருந்தது. புதுக் கட்டி ஒன்று கொண்டுபோய் வைத்து மிதித்தேன். திட்டிக்கொண்டேதான்.