ப்ளடி என்று சொன்ன வாய்க்கு

சார்,

நேற்று பள்ளிக்கூட ஆபீஸ் வேலை முடிந்து வரும் வழியில், தேரடியில் நாலு மசால்வடை வாங்கினேன். வடைக்காரர் மடித்துக் கொடுத்த ஆங்கிலப் பேப்பரைப் பிரித்தால் உள்ளே நீங்கள். கோட்டு, டை, யாரையோ முகர்ந்து பார்ப்பது போல் தூக்கிய அந்த மூக்கு. எண்ணெய் இறங்கி நெற்றி பளபளவென்று இருந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறதாம். பண்பாளராம். யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லாதவராம். உங்கள் வீட்டார் இரங்கல் விளம்பரம் போட்டிருந்தார்கள். வடை தொண்டையில் சிக்கிக்கொண்டது. அழுகை என்று நினைத்துவிடாதீர்கள், சிரிப்புதான்.

சார் என்று தொடங்கியதையும் மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கை அப்படிப் பழகிவிட்டது. ஒன்றரை வருஷம் உங்கள் மேஜைக்கு எதிரே நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறேன். என்னை உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்காது. ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோன டெம்பரரி டைப்பிஸ்ட். என் பெயரை நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. "யூ" என்பீர்கள். கோபம் வந்தால் "யூ ப்ளடி கேர்ள்." அவ்வளவுதான் நமக்குள் இருந்த உறவு.

அந்தச் சொல் உங்களுடையதுகூட இல்லை. உங்களுக்கு முன்னால் ஒர்க்ஸ் மானேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குக் கப்பல் ஏறும்போது மூன்றை விட்டுப் போனார் என்று தொழிற்சாலையில் சொல்வார்கள். ஒரு சுழல் நாற்காலி, ஒரு சாம்பல் கிண்ணம், இந்த ப்ளடி. நீங்கள் மூன்றையும் எடுத்துக்கொண்டீர்கள். நாற்காலி உங்களுக்குப் பெரிதாக இருந்தது, கால் தரையைத் தொடாது. சொல் மட்டும் கச்சிதமாக உட்கார்ந்தது. மெஷின் நின்றால் ப்ளடி மெஷின். டீ ஆறினால் ப்ளடி டீ. எண்ணூர்ப் பக்கமிருந்து கருக்கிக்கொண்டு மழை வந்தால் அதுவும் ப்ளடி. எப்போதாவது ஒரு வேலை உங்களுக்குப் பிடித்துவிட்டால் "ப்ளடி குட்" என்பீர்கள். திட்டும் அதே, பாராட்டும் அதே. தாய்மொழியில் ஒரு வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. டிரைவரிடம்கூட இங்கிலீஷ். அவர் பாவம், கை ஜாடையை வைத்துத்தான் வண்டியைத் திருப்புவார்.

ஆட்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். கடைசல் பட்டறையில் வேலை செய்த வியாசர்பாடி தேசிங்கு, கேன்டீனில் ஒரு வாய் வைத்ததும், "மாமு, இன்னிக்கு சாம்பாரு ப்ளடி ஷோக்கா கீதுப்பா" என்பார். உங்களுக்கு அது தெரியாது. கீழே என்ன பேசுகிறார்கள் என்று நீங்கள் எப்போது காது கொடுத்தீர்கள்?

நான் வந்த முதல் வாரம், கல்கத்தாவுக்கு ஒரு கடிதம் சொன்னீர்கள். சொன்னதைச் சொன்னபடியே, இரண்டு ப்ளடியோடு அடித்துக் கொண்டுவந்தேன். தூக்கி முகத்தில் எறிந்தீர்கள். அதையெல்லாம் எடுத்துவிட்டு அடிக்க வேண்டும் என்கிற அறிவு இல்லையா என்று கத்தினீர்கள். அன்றிலிருந்து உங்கள் வாயைக் கழுவித் துடைத்துக் காகிதத்தில் வைப்பதே என் உத்தியோகம் ஆனது. நான் அடித்துக் கொடுத்ததை நீங்கள் படிக்கவும் மாட்டீர்கள். டெலிபோனில் பேசிக்கொண்டே, மறு கையால் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவீர்கள். படிப்பது கிளார்க்குகளின் வேலை என்பது உங்கள் எண்ணம்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்தச் சொல்லை எழுதினாலே பாவமோ என்று பயந்து பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். "மாதா பேரைச் சொல்லிச் சத்தியம் பண்ணி, அது தேய்ஞ்சு இப்படி ஆச்சுன்னு சிலர் சொல்றாங்கம்மா. ஆண்டவரோட ரத்தத்தைச் சொன்னதுன்னு சிலர். எனக்கு ரெண்டுலயும் நம்பிக்கை இல்ல. நீ கேட்டதை எழுதற. சொன்னவங்க கணக்கு சொன்னவங்களுக்கு." மனசு லேசாகித் திரும்பி வந்தேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். உங்கள் வீட்டார் பேப்பரில் போடாமல் விட்ட நாள்.

பெரிய ஷெட்டில் கியர்பாக்ஸின் இரும்புக் கூடு ஒன்றைச் சங்கிலிக் கப்பியில் மாட்டித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பாரம் தூக்கும் கும்பலுக்கு மேஸ்திரி மஸ்தான் பாய். தண்டையார்பேட்டைக்காரர், ஒல்லியான மனிதர், எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். பாரத்தைக் கட்டும் கம்பிக் கயிறு பிரிந்துவிட்டது, வேறு வாங்கிக் கொடுங்கள் என்று அவர் இரண்டு முறை மனு கொடுத்திருந்தார். இரண்டையும் அடித்தவள் நான். இரண்டிலும் "ப்ளடி வேஸ்ட்" என்று சொல்லிக் குறுக்கே கோடு போட்டவர் நீங்கள். அன்றைக்குக் கையெழுத்துக்காகக் காகிதங்களை எடுத்துக்கொண்டு நானும் ஷெட்டுக்கு வந்திருந்தேன்.

நீங்கள் அந்தத் தொங்கும் பாரத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு, ஒரு ஃபிட்டரைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். யாரும் கீழே நிற்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் மற்றவர்களுக்கு. மேலே கயிற்றில் ஒவ்வொரு இழையாகத் தெறிக்கும் சத்தம் மஸ்தான் பாய்க்குக் கேட்டுவிட்டது. "சார்! சார்! நவுருங்க சார்!" என்று கத்தினார். நீங்கள் திரும்பவில்லை. ஷெட்டில் உங்களைச் சார் என்று கூப்பிடாதவர் யார்? அதற்கெல்லாம் நீங்கள் திரும்புவதில்லை. மறுபடி "சார்!" அதற்கும் இல்லை. அப்போதுதான் அவர் தொண்டை கிழியக் கத்தினார்: "யூ ப்ளடி ஃபூல்!"

திரும்பினீர்கள். உடனே திரும்பினீர்கள். முகம் சிவந்து, கையை ஓங்கிக்கொண்டு அவரை நோக்கி நாலு எட்டு வைத்தீர்கள். அடிக்கத்தான் வந்தீர்கள். அந்த நாலு எட்டில் கூடு உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து விழுந்தது. தரை அதிர்ந்தது. சிமென்ட் பெயர்ந்து தூசி எழும்பியது. நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள், நின்ற இடத்தில் பள்ளம் இருந்தது. பிறகு மஸ்தான் பாயைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டீர்களே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்: "என்னை என்னவென்று சொன்னாய்?"

உயிர் பிழைத்த மனிதன் கேட்கிற கேள்வியா அது? நன்றி வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டிருக்கலாம், தரையில் உட்கார்ந்து அழுதிருக்கலாம். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு அவர்மேல் குற்றப்பத்திரிகை சொன்னீர்கள். கீழ்நிலை ஊழியர்கள் முன்னிலையில் மேலதிகாரியை ஆபாசச் சொல்லால் ஏசினார், அதனால் வேலையிலிருந்து நீக்க உத்தேசம். சொல் வருகிற இடத்தில் நிறுத்தி, "கோடு போடு" என்றீர்கள். போட்டேன். கூடு விழுந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. பிரிந்த கயிறும் இல்லை. மஸ்தான் பாய்க்கு ஐந்து பிள்ளைகள், மூத்த பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருந்தது.

விசாரணையை நடத்த வெளியிலிருந்து ஒரு வயதான வக்கீலை வரவழைத்தீர்கள். பாய்க்காகப் பேசத் தேசிங்கு வந்தார். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர், அதைவிட அதிகமாக வாய் உள்ளவர். குறிப்பெடுக்க நான். வக்கீல் எடுத்த எடுப்பிலேயே சொன்னார், வெறும் கோட்டை வைத்து விசாரணை நடத்த முடியாது, என்ன சொல் என்று புகார் கொடுத்தவர் சொல்லியாக வேண்டும் என்று. நீங்கள் சளைக்காமல் சொன்னீர்கள். தேசிங்கு எழுந்தார்.

"ஐயா, அந்த வார்த்தைக்கு இன்னா அர்த்தம்னு தொரை சொல்லட்டும். பாய்க்கும் தெரியாது, எனுக்கும் தெரியாது. இங்க வந்துதான் கத்துகினோம்."

உங்களுக்குப் பிடித்த இடம் அது. இங்கிலாந்தில் ஆறு மாதம் பயிற்சி எடுத்த கதையிலிருந்து ஆரம்பித்தீர்கள். அந்தக் காலத்தில் பெரிய இடத்துப் பிள்ளைகளை 'ப்ளட்' என்பார்களாம். அவர்களைப் போல் குடித்துவிட்டு ஆடுவதிலிருந்து வந்த சொல்லாக இருக்கலாமாம். பிறகு அது தெருவுக்கு இறங்கிக் கெட்ட பெயர் எடுத்ததாம், பத்திரிகைகளில் முதல் எழுத்தைப் போட்டு மீதிக்குக் கோடு இழுத்தார்களாம். லண்டனில் ஒரு நாடக மேடையில் ஒரு பெண் அதைச் சொல்லிவிட, ஊரே அதைப் பற்றிப் பேசியதாம். ஆஸ்திரேலியாவில் மூச்சுக்கு மூச்சு அதுதானாம். கடைசியில், "இன்று அதற்கு அர்த்தமே இல்லை. ரொம்ப என்கிற மாதிரி. படித்தவர்கள் சாதாரணமாகச் சொல்வது" என்று முடித்தீர்கள். பாடம் நடத்திய திருப்தி முகத்தில் தெரிந்தது.

"அர்த்தமே இல்லாத வார்த்தைக்கா ஒரு மன்சனை வூட்டுக்கு அனுப்பறீங்க?" என்றார் தேசிங்கு.

"நான் சொல்வது வேறு. அவன் சொல்வது வேறு."

அதைக் கேட்டு வக்கீல்கூடத் தலையைத் தூக்கினார். தேசிங்கு விடவில்லை. லோடு விழுந்ததா, கயிறு பிரிந்திருந்ததா, மனு வந்ததா என்று அடுக்கினார். உங்களுக்கு நிதானம் போனது. ப்ளடி லோடு இங்கே ப்ளடி கேள்வியே இல்லை, இந்த ப்ளடி கயிற்றை யார் இழுத்தது, எவனுடைய ப்ளடி மனு என்று மேஜையைக் குத்தினீர்கள். என் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்று மத்தியானம் டைப் மெஷின் முன் உட்கார்ந்தேன். வழக்கம்போல உங்கள் வாயைக் கழுவ வேண்டிய நேரம். நான் கழுவவில்லை. ஒன்று விடாமல் அடித்தேன். பதினேழு. தவறிப்போய் அல்ல, வேண்டுமென்றே செய்தேன். சாட்சி சொன்னவர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விசாரணை முறை. நீங்கள் டெலிபோனில் யாரிடமோ கிளப்பில் சீட்டாட்டம் பற்றிப் பேசியபடி எல்லாப் பக்கத்திலும் போட்டீர்கள். ஒரு பிரதி தேசிங்குக்குப் போனது.

அடுத்த அமர்வில் தேசிங்கு அதை எழுத்துக்கூட்டி, நிறுத்தி நிறுத்தி, தேவாரம் படிக்கிற பக்தியோடு படித்தார். ஒவ்வொரு ப்ளடிக்கும் ஒரு சின்ன இடைவெளி விட்டார். மூன்றாம் பக்கத்தில் வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இது உங்கள் கையெழுத்துதானே?" என்று கேட்டார். நீங்கள் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தீர்கள். "எந்த ப்ளடி..." என்று ஆரம்பித்து, என் கையில் பென்சில் தயாராக இருப்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடினீர்கள். ஒன்றரை வருஷத்தில் நீங்கள் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

வேலை நீக்கம் நடக்கவில்லை. ஆனால் உங்கள் மானம் காப்பாற்றப்பட வேண்டுமே! ஏழு நாள் சஸ்பென்ஷன், கூடவே ஒரு மன்னிப்புக் கடிதம் என்று முடித்தார்கள். அந்தக் கடிதத்தையும் என்னையே அடிக்கச் சொன்னீர்கள். பாய் வந்து மேஜையருகே நின்று, "இன்னாம்மா எய்திகீது?" என்று கேட்டார். சொன்ன சொல்லுக்காக வருந்துகிறேன் என்று எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினேன்.

"வருத்தமெல்லாம் இல்லியேம்மா. கத்தலன்னா அவுரு போயிருப்பாரே" என்றார். பிறகு பெண்ணின் கல்யாணத்தை நினைத்தாரோ என்னவோ, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு அடுத்த மாதமே சீட்டுக் கிழிந்தது. என்னை நிறுத்தும் கடிதத்தையும் நீங்கள் சொல்ல, நானே அடித்தேன். ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாத சுத்தமான கடிதம். பிழையில்லாமல் அடித்து நீட்டினேன். முதல் முறையாக, கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுக்கப் படித்தீர்கள்.

கிளம்பிய அன்று கேட்டுக்கு வெளியே டீக்கடையில் பாயைப் பார்த்தேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஏன் பாய் கத்துனீங்க? பேசாம இருந்திருந்தா உங்களுக்கும் வம்பு இல்ல, எனக்கும் வேலை போயிருக்காது" என்றேன். விளையாட்டுக்குச் சொன்னது போலத்தான் சொன்னேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இன்னா பேச்சு பேசற நீ? மேல லோடு தொங்கிகினு கீது, கீய ஆளு நிக்கிறான். பார்த்துகினு இருப்பாங்களா? நாளிக்கி வந்து நின்னாலும் கத்துவேன்."

சிரித்து மழுப்பிவிட்டு பஸ் ஏறினேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. உங்கள்மேல் எனக்கு இருந்த அலட்சியம் ஒரு துளி குறையவில்லை, நீங்கள் செத்ததாலும் குறையாது. ஆனால் நேற்று அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றபோது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. அன்று ஷெட்டில் காகிதங்களோடு நின்ற எனக்கும் அந்த இழை தெறிக்கிற சத்தம் கேட்டது, சார். பாய் முதல் தடவை கத்துவதற்கு முன்னாலேயே கேட்டது. நான் அண்ணாந்து பார்த்தேன், உங்களைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.