நீ வரைந்த சோளத்தட்டை

அன்பு மகள் சுய்லிங்குக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறோம், பெய்ஜிங் குளிரில் உனக்கு நெஞ்சில் சளி கட்டாமல் இருந்தால் அதுவே போதும். முட்டைக்கோஸ் ஊறப் போட்டாயிற்று, இந்த வருஷம் ஒரே ஜாடிதான், தின்ன ஆள் ஏது. அம்மாவுக்கு மூட்டுவலி, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

நீ போனில் அனுப்பிய ஓவியத்தைப் பார்த்தோம். ஆறு உறைந்து கிடக்கிறது, பிள்ளைகள் சாட்டை வீசிப் பனிக்கட்டிமேல் பம்பரம் விடுகிறார்கள், உன் தம்பி ஷுவான் சிவப்புப் பஞ்சுக்கோட்டோடு பின்னாலேயே ஓடுகிறான். கண்காட்சிக்கு வந்தவர்கள் தங்கள் சின்ன வயசு திரும்பி வந்ததாகச் சொல்லிச் சிரித்தார்களாமே. அம்மா அவன் முகத்தை விரலால் தடவத் தடவப் படம் நகர்ந்து நகர்ந்து போனது. செத்த குழந்தைக்குக் கல்லறை வைக்காத ஊரில் அவளுக்கு அவன் கிடைத்தது அதில்தான். நானோ அவன் காலடியில் நீ வரைந்திருந்த சோளத்தட்டையைத்தான் பார்த்தேன்.

மீனுக்காகப் பனிக்கட்டியை வெட்டியவன் யாரும் தவறி விழாதிருக்கக் குழியருகே ஒரு தட்டையை நட்டுவிட்டுத்தான் நகர வேண்டும், அது உனக்கே தெரியும். அன்று காலை வெட்டியவன் நான். கெண்டை நிறைய விழுந்த சந்தோஷத்தில் நடாமலே சந்தைக்கு ஓடிவிட்டேன், குழியின்மேல் மெல்லிசாக உறைந்து பனியும் தூவி மூடிவிட்டது. அதில்தான் ஷுவான் விழுந்தான். அவனை வெளியே எடுத்துக்கொண்டு எல்லாரும் கரைக்கு ஓடியபோது நான் பின்தங்கித் தட்டையை நட்டேன். அவனைப் பார்த்துக்கொள்ளக் கூடப் போயிருந்த நீ ஒன்பது வயசுப் பிள்ளை, "குச்சி இல்லப்பா, நான் பார்த்தேன்" என்றாய். "இருந்துச்சு, உனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு" என்று ஊரே கேட்கச் சொன்னேன். அதை நம்பி அம்மா முப்பத்தொரு வருஷமாக உன்னைக் கரித்துக் கொட்டுகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் நீயும் நம்பி வரைந்தேவிட்டாய். பாவி நான்.

அந்தத் தட்டையை அழித்துவிடு கண்ணு, பம்பரமும் அவனும் இருக்கட்டும். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. நீ நெடுங்காலம் நன்றாக இரு, உன் கண் ஒருநாளும் மங்காதிருக்கட்டும், அன்றைக்கும் அது சரியாகத்தான் இருந்தது. வெளியே போகும்போது கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொள், மறக்காதே. தபாலில் போடுமுன் இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மதியத்திலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இது உன் கைக்கு வருமுன்பே யாரும் பேசாத அழைப்பு ஒன்று வந்திருக்கும். நீயே திருப்பிக் கூப்பிடு. உன்னைத் திட்ட அவளிடம் இனி ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
கோங் தெஷெங்