கடைசி மூடி

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் பஸ் தெருமுனை கேட் வரை வந்து திரும்பிப் போய்விட்டது. கை கால் பயிற்சிக்கு நோயாளிகளை அழைத்துப்போகும் நகராட்சி ஆஸ்பத்திரி பஸ். சக்கர நாற்காலியை ஆளோடு அப்படியே ஏற்றிக்கொள்ளும். ஆனால் வாசல் வரை வராது. "நான் என்னம்மா பண்றது, இது பிரைவேட் ரோடு, உள்ள வந்தா என் வேலை போயிடும்" என்கிறார் டிரைவர்.

எங்கள் வீடு தெருவின் கடைசி. ரோடெல்லாம் குழி. அதன் வழியாக என் வீட்டுக்காரரைக் கேட் வரை தள்ளிப் பார்த்தேன் ஒருமுறை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதியிலேயே திருப்பிவிட்டேன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கைவிரல்கள் மடங்கிக்கொண்டே போகின்றன. பயிற்சி தள்ளிப்போனால் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வீட்டில் பிடித்துவிடுவது எந்த மூலைக்கு?

மார்ச் 5

ரோடு என்ற பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 9, ஞாயிறு

காலிமனையில் தெருக்காரர்கள் கூட்டம். பில்டர் ரோடு போட்டான், மனைகளை விற்றான், நகராட்சியிடம் ஒப்படைக்காமல் கம்பி நீட்டிவிட்டான். அதனால் ரோடு இன்னும் எங்கள் தலையில். எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நகராட்சி வந்து பார்க்கும். திருப்தியாக இருந்தால் எடுத்துக்கொள்ளும். அப்புறம் பஸ் வரும், குப்பை வண்டி வரும்.

எல்லோரும் சரி என்றார்கள், கேட்காரரைத் தவிர. எதிர்வீடு. அவர் வீட்டில் திருடு போன பிறகு தெருமுனையில் அந்த இரும்பு கேட்டை நின்று போடவைத்தவர். 'அனுமதியின்றி உள்ளே வராதீர்' என்று அதில் எழுதியதும் அவரேதான்.

"நகராட்சி எடுத்துட்டா பொது ரோடு. கேட்டைக் கழட்டணும். கண்டவனும் உள்ள வருவான். என் வீட்டுக்காரிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"உங்க பூட்டு பத்திரமா இருக்கணும்னு இவர் கை இறுகிப் போகணுமா சார்?" - எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

அவர் எழுந்து போய்விட்டார். அவர் வீட்டம்மா திருட்டுக்குப் பயந்து இன்னும் பகலிலேயே இரண்டு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருக்கிறாள். எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் அப்படிப் பேசினேன்? என் வாய்க்கு ஒரு பூட்டு வேண்டும்.

மார்ச் 15

கேட்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் கார் நேற்று பெரிய குழியில் இறங்கி அடி தட்டி நின்றுவிட்டதாம். "உனக்காக இல்லம்மா, காருக்காகத்தான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். காருக்காகவே இருக்கட்டும்.

மார்ச் 23, ஞாயிறு

நகராட்சி பார்வையிட வரப்போகிறது என்றதும் தெரு கல்யாண வீடாகிவிட்டது. எல்லோரும் சேர்ந்து ஆள் வைத்துக் குழியெல்லாம் அடைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை புதுத் தார் போட்டாயிற்று. மழமழவென்று இருக்கிறது. இவரை வாசல் சரிவில் உட்காரவைத்து வேடிக்கை காட்டினேன். இவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் நாத்தனார் கொத்தனாரைப் பிடித்து, படிகளின் மேல் போடவைத்த சிமெண்ட் சரிவு. அது இல்லையென்றால் இவருக்கு வாசலே கிடையாது.

மார்ச் 27

நகராட்சி இன்ஜினியர் வந்தாள். சின்ன வயசு, முழங்கால்வரை பூட்ஸ். ரோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சாக்கடை மூடியெல்லாம் எங்க?"

எல்லா மூடியும் எங்கள் அழகான தாருக்கு அடியில்.

"மேல இருக்கறத நாங்க எப்ப வேணா போட்டுக்குவோம் சார். கீழ தண்ணி ஓடுதான்னு பாக்கணும். ஒவ்வொரு மூடியும் தெறந்து காட்டுங்க. ஒண்ணு குறைஞ்சாலும் எடுக்க மாட்டோம்."

போய்விட்டாள். ரோட்டுக்குப் பவுடர் பூசி மூக்கை அடைத்திருக்கிறோம். சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

மார்ச் 30, ஞாயிறு

தெருவே கடப்பாரையோடு ரோட்டில். தட்டினால் 'டொக்' என்றால் மண், 'டங்' என்றால் மூடி. ஒருத்தர் தட்ட, இன்னொருத்தர் குப்புறப் படுத்துக் காதை வைத்துக் கேட்க - பார்க்கிறவர்கள் எங்களுக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். சாயங்காலத்துக்குள் எல்லா மூடியும் கிடைத்துவிட்டது, கடைசி ஒன்றைத் தவிர. வரிசைப்படி அது எங்கள் வாசலில் இருக்க வேண்டும்.

மார்ச் 31

காலையிலிருந்து வாசலுக்கும் உள்ளுக்கும் அலைகிறேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. தட்டாத இடம் இல்லை. ஒரே ஓர் இடத்தைத் தவிர.

நாத்தனாருக்குப் போன் போட்டேன். "ஆமா அண்ணி, வட்டமா ஒரு மூடி இருந்துச்சே. சரிவோட முனை அதுமேல உக்காந்தா கெட்டியா நிக்கும்னாரு கொத்தனார்" என்றாள், நல்ல சேதி சொல்வதுபோல. பாவம், அவளை என்ன சொல்ல?

சரிவை உடைத்தால் இவர் வாசல் இறங்க முடியாது. உடைக்காவிட்டால் பஸ் வராது. திரும்பக் கட்டவும் விடமாட்டார்கள், ரோட்டுக்குள் நீட்டக் கூடாதாம்.

ஏப்ரல் 1

யாரிடமும் சொல்லவில்லை. தெருவில் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 2

இவர் கண்டுபிடித்துவிட்டார். "என்ன?" என்றார். இப்போது அவரிடம் நாலைந்து வார்த்தைதான் மிச்சம், அதில் இது ஒன்று. கொட்டித் தீர்த்தேன். சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடை."

"அப்புறம் எப்படி எறங்குவீங்க?"

"பாத்... பாத்துக்கலாம்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்குப் பிடிக்காத வார்த்தை. குழாய் ஒழுகினாலும் பாத்துக்கலாம், கூரை ஒழுகினாலும் பாத்துக்கலாம். நோய் வந்த பிறகு இன்றுதான் முதல்முறையாகச் சொல்கிறார். அடுக்களைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 5, சனி

உடைத்தாயிற்று. மூடி இருந்தது. இன்ஜினியர் குனிந்து பார்த்தாள், அடியில் தண்ணீர் சுத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. "ஓகே" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் முடியவில்லை. வாசலில் பழைய மூன்று படிகள் மொட்டையாக நிற்கின்றன.

மே 17

நகராட்சியில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. ரோடு இனி எங்களுடையது இல்லை. ஜூன் 2 முதல் பஸ் வாசலுக்கே வருமாம்.

மே 29

படியில் இறக்கிவிட ஆள் தேடுகிறேன். ஒருநாள் தூக்குவார்கள், இரண்டு நாள் தூக்குவார்கள். அப்புறம்? பாத்துக்கலாமாம்!

ஜூன் 1, ஞாயிறு

கேட்டைக் கழற்றினார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் அந்த அம்மா திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அங்கே பார்க்கத் தைரியம் வரவில்லை. நான் கேட்டது கிடைத்தது, அவளுக்கு இருந்தது போனது.

ஜூன் 2, திங்கள்

காலையில் ரோட்டில் ஏதோ கரகரவென்று இழுக்கும் சத்தம். எட்டிப் பார்த்தால் கேட்காரர், கூடவே வெல்டிங்காரர். கேட்டின் ஒரு கதவை அளவாக வெட்டி, இரண்டு பக்கமும் விளிம்பு வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். படியின் மேல் சாய்த்துப் போட்டதும் கச்சிதமாக உட்கார்ந்தது.

"போட்டா சரிவு, எடுத்தா ரோடு. இன்ஜினியரம்மாகிட்ட கேட்டுட்டேன், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். காலால் அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. போகத் திரும்பியவர் சொன்னார்: "நேத்து ராத்திரி என் வீட்டுக்காரி கண்ணே மூடல. அவர் பஸ்ல போனதும் நீ சும்மாதானே இருப்ப... கொஞ்ச நேரம் வந்து உக்காந்துட்டுப் போம்மா."

பஸ் வாசலில் வந்து நின்றது. 'அனுமதியின்றி உள்ளே வராதீர்' என்ற எழுத்தின் மேல் சக்கரம் உருண்டு, இவர் வெளியே போனார்.

பஸ் கிளம்பியதும் எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா இரண்டு தாழ்ப்பாளையும் எடுத்துக் கதவைத் திறந்தாள். இவர் வரும்வரை ரோட்டைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தோம். கதவைத் திறந்துதான் வைத்திருந்தோம்.